ஹன்னா நலம்

சானடோரியம், வடக்கு வராந்தா
6 அக்டோபர் 1952

அன்புத் தங்கை திர்சாவுக்கு,

அண்ணன் ஜோன்டி எழுதுவது. இருக்கிறேன். இருமல் காலையில் கொஞ்சம் கூடுதல், மாலையில் கொஞ்சம் குறைவு. இதைத்தான் தேறுதல் என்கிறார் டாக்டர். நீ பிர்க் மேட்டு வீட்டுக்கு வந்து சேர்ந்ததாகப் பண்ணைக்கார மேட்ஜ் எழுதியிருந்தாள். கணப்புப் புகை உள்ளே திரும்பினால் மாடி ஜன்னலைத் திறந்து வை. உன் உடம்பு எப்படி? வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா?

முயல் பிடிக்க நான் வளர்க்கிற கீரி ஜாதிப் பிராணிகள், என் ஃபெரட்டுகள் இரண்டும், இனி உன் பொறுப்பு. மோசஸ் பெரியவன், சோம்பேறி, யாரையும் கடிக்க மாட்டான். ஹன்னா வெள்ளை, சின்னவள், என்னைத் தவிர எல்லாரையும் கடிப்பாள். கண் திறக்காத குட்டியாக என் சட்டைக்குள் வந்தவள். அவளைப் பொந்துக்குள் விட்டால் முயல் வெளியே பாய்ந்து வலையில் விழும். ஆனால் எந்தப் பொந்தில் முயல் இருக்கிறது என்று மோந்து சொல்ல ஒரு நாய் வேண்டும். என் கிழட்டு நாய் மே மாதமே போய்விட்டது. முயல் பெருகி மேட்ஜின் புல்லையெல்லாம் தின்று தீர்க்கிறது. அதைப் பிடிப்பதற்காகத்தான் நமக்கு அந்த வீட்டைக் கொடுத்திருக்கிறார்கள்.

நீ கூட்டி வந்திருக்கும் நாயைப் பற்றிக் கேள்விப்பட்டேன். ஆறு வயது டெரியர், துறைமுகத்தில் எலி கொன்றே வளர்ந்ததாம். அதன் கண்ணுக்கு ஃபெரட் கொஞ்சம் நீளமான எலி, அவ்வளவுதான். குட்டி நாயென்றால் சுலபம். முழு வளர்ச்சி அடைந்த நாய்க்கு முதலில் பழையதை மறக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும்.

முதல் மூன்று வாரம் பார்க்க மட்டும் விடு. கூண்டுக்குப் பத்தடி தள்ளி நாயின் வாரைப் பிடித்துக்கொண்டு உட்கார். அதட்டாதே. அது தானாகக் கூண்டைவிட்டு முகத்தைத் திருப்பும் நொடியில் ஒரு துண்டு ஈரல் கொடு.

இன்னொன்று. வசந்தத்தில் நான் வருவேன். அப்போது ஃபெரட்டுகளோடு ஒன்றாக வேலை செய்கிற நாய் அந்த வீட்டில் இருக்கலாம், வேறு நாய் இருக்கக் கூடாது. ஒன்றின் மேல் பல் பட்டாலும் மேட்ஜிடம் துப்பாக்கி இருக்கிறது, அவளிடம் சொல்லியாயிற்று. ருசி கண்ட நாயைத் திருத்த முடியாது. கோபத்தில் சொல்லவில்லை, தொழில் தெரிந்து சொல்கிறேன்.

உன் அண்ணன்,
ஜோன்டி


பிர்க் மேடு
19 அக்டோபர்

அன்புள்ள அண்ணா,

உன் கடிதத்தை அடுப்படியில் நின்றபடியே படித்தேன். நான் நன்றாகத்தான் இருக்கிறேன். போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொள். வராந்தாவில் படுக்க வைத்து நோயாளிகளை விறைக்க விடுவதுதான் வைத்தியம் என்று எந்தப் புத்தகத்தில் இருக்கிறதோ தெரியவில்லை.

என் நாய்க்குப் பெயர் உண்டு. கிப்பர். புகை போட்ட மீனின் பெயரை நாய்க்கு வைப்பார்களா என்று நீ சிரிப்பாய், சிரித்துக்கொள். சைலஸ் வைத்த பெயர். எங்களுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் நீ ஒரு கடிதத்திலும் என் புருஷன் பெயரை எழுதியதில்லை. அவர் படகு கவிழ்ந்தபோதுகூட ‘உன் வீட்டில் நடந்தது’ என்றுதான் எழுதினாய். அதற்கு இப்போது சண்டை பிடிக்கப் போவதில்லை. உன் கூரையின் கீழ் இருக்கிறேன், உன் கெட்டிலில் டீ போடுகிறேன். ஆனால் அவர் விட்டுப்போனதில் மூச்சு விடுவது இது ஒன்றுதான். இதைத் துப்பாக்கிக்குக் கொடுத்துவிட்டு நான் எங்கே உட்காருவேன், அண்ணா?

இங்கே மேகம் மேட்டை விட்டு இறங்குவதே இல்லை. ஆடுகள் பாதி உடம்போடு நடக்கின்றன, கால் மட்டும் தெரிகிறது. கிப்பர் கிழக்குச் சுவரின் மேல் ஏறி உட்கார்ந்து மூக்கை நீட்டிக்கொண்டே இருக்கிறான். ஐம்பது மைலுக்கு அப்பால் விட்பியில் இருக்கிற கடல் அவனுக்கு மணக்கிறதோ என்னவோ. சில சமயம் எனக்கும் மணக்கிறது.

கூண்டெதிரே தினமும் உட்காருகிறோம். மூச்சு விடாமல் நடுங்குகிறான். மேட்ஜ் வந்து பார்த்தாள்.

“ஏண்டி, இது நாயா, இல்ல உள்ள மோட்டார் கீட்டார் வச்சிருக்கியா? நிலமே அதிருது!”

பதினோராவது நாள் ஹன்னா முகம் கழுவுவதை வெகுநேரம் பார்த்தான். பிறகு கொட்டாவி விட்டுக்கொண்டு என் பக்கம் திரும்பினான். ஈரல் கொடுத்தேன். கூண்டுக்குள்ளிருந்து ஹன்னா எங்கள் இருவரையும் பார்த்து ஒரு அதட்டல் போட்டாள்.

தங்கை,
திர்சா


சானடோரியம்
27 அக்டோபர்

திர்சாவுக்கு,

உடம்பைக் கேட்காதே, அதே கதைதான். ஹன்னா அதட்டியதைப் பக்கத்துக் கட்டில் கத்பர்ட்டுக்கு வாசித்துக் காட்டினேன். சுரங்கத்தில் முப்பது வருஷம் கரி வெட்டிய ஆள், வாய்க்குப் பூட்டு கிடையாது.

“யோவ், ஊர்ல எல்லாரும் பொண்டாட்டி புள்ளைக்கு எழுதுறான். நீ என்னடான்னா பொந்துல ஓடுறதுக்கு எழுதுற. அது பதில் போடுமா?”

“உன் பொண்டாட்டியே போடல, நீ பேசாத,” என்றேன். அன்று முழுதும் அவன் என்னோடு பேசவில்லை.

மத்தியானம் எங்களைக் கட்டாயமாகக் கண்ணை மூடிப் படுக்க வைக்கிறார்கள். நான் தூங்குவதில்லை. வடக்குக் கரையில் பொந்து பொந்தாக நடக்கிறேன். முள்மரத்தடியில் ஏழு வாய், இடிந்த சுண்ணாம்புச் சூளையில் பதினொன்று. ஒவ்வொன்றிலும் காதை வைத்துக் கேட்கிறேன். அடியில் ஹன்னா ஓடுகிற சத்தம் இங்கே வரைக்கும் கேட்கிறது. நர்ஸ் வந்து நாடி பிடிக்கும்போதுதான் மேட்டை விட்டு இறங்குகிறேன்.

இனி அடுத்தது. கூண்டுக்குப் பக்கத்திலேயே நாய்க்குச் சோறு வை. ஃபெரட்டைத் தொட்ட கையாலேயே அதைத் தடவு. பிறகு ஹன்னாவைப் பெட்டியில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு மேட்டில் நடங்கள், நாய் வாரில் வரட்டும். மூன்று பேரும் சேர்ந்து போகிறோம் என்ற எண்ணம் அதன் மண்டையில் ஏற வேண்டும். அவசரப்படாதே.

ஹன்னாவைப் பற்றி நிறைய எழுது.

ஜோன்டி


பிர்க் மேடு
30 நவம்பர்

அன்புள்ள அண்ணா,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். கையில் வெடிப்பு, பேனா பிடிக்க முடியவில்லை. அதோடு பனிமூட்டம், தபால்காரரும் சரியாக வரவில்லை. நீ எப்படி இருக்கிறாய்? கத்பர்ட் பேச ஆரம்பித்துவிட்டாரா?

இங்கே எல்லாம் நலம். மோசஸ் தின்றுவிட்டுத் தூங்குகிறான். கிப்பரை மறுபடியும் முதல் பாடத்திலிருந்து தொடங்கியிருக்கிறேன், அதுதான் நல்லது என்று பட்டது. மேட்ஜ் முட்டை கொடுத்தாள்.

வேறு விசேஷம் இல்லை. இருட்டுவதற்குள் தபாலில் சேர்க்க வேண்டும்.

திர்சா


சானடோரியம்
5 டிசம்பர்

திர்சாவுக்கு,

கை வெடிப்புக்கு ஆட்டுக் கொழுப்பு தடவு. இங்கே ஒரு கால் பவுண்டு எடை ஏறியிருக்கிறேன், விருந்து வைக்காத குறை.

உன் கடிதத்தைத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன், பின்பக்கம் ஏதாவது எழுதியிருக்கிறாயா என்று. ஹன்னாவைப் பற்றி ஒரு வரி இல்லையே. கடித்துவிட்டாளா? கோபமா அவள் மேல்?

மறுபடி முதலிலிருந்து தொடங்கியது சரிதான். பழகியதும் நடுவில் கூண்டுக் கம்பி வேண்டாம். ஃபெரட்டை நீ கையில் பிடித்துக்கொள், வாரை மேட்ஜ் பிடிக்கட்டும். நாய் மோந்து பார்க்க வரும். வரும்போது ஃபெரட் மூக்கில் ஒரு கடி கொடுத்தால் கொடுக்கட்டும், தடுக்காதே. அந்த ஒரு கடியில் மரியாதை வந்துவிடும். அதற்கப்புறம் இரண்டுக்கும் ஒரே கிண்ணத்தில் பால் வைத்துப் பார். ஒன்றாகக் குடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

ஹன்னா எப்படி இருக்கிறாள் என்று மட்டுமாவது எழுது.

ஜோன்டி


பிர்க் மேடு
21 டிசம்பர்

அன்புள்ள அண்ணா,

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். எடை ஏறியதற்கு இன்னும் பெரிய வாழ்த்து. கொழுப்பு தடவினேன், கை ஆறிவிட்டது.

ஹன்னா நலம்.

நீ சொன்னபடியே செய்தோம். கிப்பர் மூக்கை நீட்டினான், கடி வாங்கினான், ஒரு கத்து கத்திவிட்டு மேட்ஜின் பாவாடைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். “அப்பாடி, எனக்கே வலிக்குதுடி!” என்று மேட்ஜும் சேர்ந்து கத்தினாள். அன்றிலிருந்து கடித்தவளைப் பார்த்தால் கிப்பர் ஓரமாக ஒதுங்கிப் போகிறான்.

நேற்று பால் வைத்தேன். வெளியே பனி சத்தமில்லாமல் விழுந்துகொண்டிருந்தது, அடுப்படியில் வெள்ளை வெளிச்சம். கல்தரையில் கிண்ணத்தை வைத்துவிட்டு வாரைப் பிடித்தபடி நானும் தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஹன்னா முதலில் வந்து தலையைக் கிண்ணத்துக்குள் விட்டாள். கிப்பர் ரொம்ப நேரம் யோசித்தான். பிறகு எதிர்ப்பக்கம் வந்து நக்க ஆரம்பித்தான். அவன் தாடையில் அவள் நெற்றி உரசியது. இருவரும் நிறுத்தவில்லை. எத்தனை நேரம் என்று தெரியாது, எனக்கு அந்த நக்கும் சத்தத்தைத் தவிர உலகத்தில் வேறெதுவும் இல்லை. பால் தீர்ந்ததும் அவன் கண்ணை மூடிக்கொண்டு அங்கேயே படுத்தான், அவள் அவன் முன்காலில் ஏறி இறங்கிப் போனாள். நான் அழுதேன். காரணம் கேட்காதே.

உன் தங்கை,
திர்சா


சானடோரியம்
1 பிப்ரவரி 1953

திர்சாவுக்கு,

ஆறு வாரமாக எழுதவில்லை. இங்கே பனி கட்டில்வரை வந்துவிட்டது, போர்வையை உதறிவிட்டுத்தான் காலையில் எழுகிறோம். அதுதான் காரணம். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

ஹன்னா பால் குடித்ததைப் படித்தேன். பலமுறை படித்தேன். நன்றாக எழுதியிருக்கிறாய்.

இனிப் பொந்துக்குக் கூட்டிப் போகலாம். நாய் மோந்து பார்க்கட்டும். முயல் இருக்கும் வாயில் அது தானாக நின்றுவிடும். அங்கே படுக்க வைத்து, வலை கட்டிவிட்டு, ஃபெரட்டை உள்ளே விடு. ஆபத்து உள்ளே போகும்போது இல்லை, வெளியே வரும்போதுதான். முகமெல்லாம் முயல் மயிரோடு, முயல் வாடையோடு வருவாள். பாலைப் பங்கு போட்டவள் என்று நாய்க்கு அந்த நொடியில் நினைவிருக்காது. கத்தாதே, வாரை இழுக்காதே. அதன் கழுத்தில் கையை மட்டும் வை. நீ பயந்தால் அந்தப் பயம் கை வழியாக அதற்குப் போய்விடும்.

அக்டோபரில் துப்பாக்கியைப் பற்றி ஏதோ எழுதியிருந்தேன். அன்றைக்குக் காய்ச்சல். அதை மறந்துவிடு.

ஜோன்டி


பிர்க் மேடு
22 பிப்ரவரி

அன்புள்ள அண்ணா,

குளிரில் உன்னை எங்கே கிடத்தியிருக்கிறார்களோ என்றுதான் தினமும் நினைக்கிறேன். நான் நலம். இந்தக் கடிதம் நீளம், பொறுமையாகப் படி. படித்து முடித்ததும் நீ என்னை எப்படி வேண்டுமானாலும் திட்டலாம்.

நேற்றுக் காலை முள்மரத்தடிக்குப் போனோம். உறைபனி. மூட்டத்துக்குள் சூரியன் வெறும் தட்டாகத் தெரிந்தது. கிப்பர் முதல் மூன்று வாயை மோந்துவிட்டு நகர்ந்தான், நான்காவதில் முன்காலைத் தூக்கியபடியே அசையாமல் நின்றுவிட்டான். வலை கட்டி அவளை உள்ளே விட்டேன். பிறகு நான் குப்புறப் படுத்து மண்ணில் காதை வைத்தேன். அவனும் என் பக்கத்தில் தலையைச் சாய்த்து வைத்தான். பூமிக்கு அடியில் எங்கோ தடதடவென்று சத்தம், பிறகு ஒன்றுமில்லை, மறுபடியும் சத்தம். நீ படுக்கையில் கேட்பது இதுதானா, அண்ணா? ஒரே நேரத்தில் நாம் இருவரும் கேட்டிருப்போமோ என்று தோன்றியது. குளிர் தெரியவில்லை. நேரமும் தெரியவில்லை.

முயல் வந்து வலையில் விழுந்தது. அது முக்கியமில்லை. வலையைக் கையில் பிடித்தபடி திரும்பினேன், அவள் வெளியே வந்துகொண்டிருந்தாள், மூக்கிலும் மீசையிலும் முயல் மயிர் ஒட்டிக்கொண்டு. கிப்பரின் மூக்குக்கு ஒரு சாண் தூரம். அவன் உதடு மேலே ஏறியது. பல் தெரிந்தது. கழுத்தில் கையை வைத்தேன். அந்தப் பழைய நடுக்கம் உள்ளே ஓடியது. நான் மூச்சை விட்டேன், மெதுவாக. நடுக்கம் நின்றது. அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். கிழக்கே எதையோ பார்ப்பதுபோல, எனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதுபோலத் திருப்பிக்கொண்டான்! அவள் அவன் வயிற்றடியில் புகுந்து அந்தப் பக்கம் வந்தாள்.

இப்போது சொல்கிறேன். அவள் ஹன்னா இல்லை.

ஹன்னா நவம்பர் எட்டாம் தேதி செத்துப்போனாள். பெட்டியில் போட்டு நடக்கச் சொன்னாய், நடந்தோம். சூளைப் பக்கம் பெட்டியின் அடிப்பலகை உளுத்து விழுந்துவிட்டது. அவள் ஓடிவிடாமலிருக்கக் கையிலிருந்த கூடையை அவள்மேல் கவிழ்த்தேன். சுள்ளி பொறுக்கக் கொண்டுபோன கூடை, சைலஸின் மீன் கூடை. பலகையைச் செருகிவிட்டு அவளை எடுப்பதற்காகக் கூடையைத் தூக்கினேன். துறைமுகத்தில் சைலஸ் தினமும் செய்தது அதுதான். கவிழ்த்த கூடையைத் தூக்குவார், அடியிலிருந்து எலி ஓடும், கிப்பர் ஒரே கவ்வு. அவன் பிழைப்பில் கற்ற ஒரே பாடம் அது. அதே கூடையை நானே தூக்கினேன், அண்ணா. ஹன்னாவை அடியில் வைத்துக்கொண்டு தூக்கினேன்.

கொண்டுவந்து என் காலடியில் வைத்தான். வாலை ஆட்டிக்கொண்டு, சபாஷ் சொல்வேன் என்று காத்திருந்தான்.

மேட்ஜிடம் நானே போய்ச் சொன்னேன். துப்பாக்கியை எடுத்தாள், அவனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “தோட்டா எங்க வச்சேன்னு தெரியலடி. அப்புறமா தேடறேன்,” என்று சொல்லி உள்ளே போய்விட்டாள். ஒரு வாரம் கழித்துத் தன் வெள்ளைப் பெண் ஃபெரட் ஒன்றைக் கொண்டுவந்து விட்டாள். உனக்கு எழுதும்போது அவளை ஹன்னா என்று எழுதினேன். நேரில் அப்படிக் கூப்பிட வாய் வரவில்லை, ‘ஏய்’ என்கிறேன்.

ஹன்னாவை மேட்டுப் புதரின் காய்ந்த ஊதாப் பூவோடு வடக்குக் கரையில் புதைத்திருக்கிறேன். தப்பு என்னுடையது. நாய் தனக்குச் சொல்லிக் கொடுத்ததைச் செய்தது. உனக்கு அந்த நாயைப் பார்க்கப் பிடிக்காது என்றால் ஒரு வரி எழுது, நாங்கள் இருவரும் விட்பிக்கே போய்விடுகிறோம். உன் வார்த்தையை மீறி இங்கே இருக்க மாட்டேன்.

திர்சா


பிர்க் மேடு
15 மார்ச்

அன்புள்ள அண்ணா,

எப்படி இருக்கிறாய்? மூன்று வாரமாகத் தபால்காரர் வாசலைத் தாண்டிப் போகிறார்.

உன் மௌனத்தையே பதிலாக எடுத்துக்கொண்டு பெட்டி கட்டிவிட்டேன். திங்கட்கிழமை கிளம்பலாம் என்றிருந்தேன். மேட்ஜ் விடவில்லை. “அவன் வாயால சொல்லட்டும், அப்புறம் போ. கடுதாசி ஒண்ணுமே வராததுக்கு எவளாவது வீட்ட விட்டுப் போவாளா?” என்கிறாள். ஒரு வரி போதும், அண்ணா. கோபமான வரியாக இருந்தாலும் சரி.

திர்சா


சானடோரியம், உள் வார்டு
20 மார்ச்

அன்புத் தங்கைக்கு,

இதை நான் சொல்லச் சொல்லக் கத்பர்ட் எழுதுகிறான். அவன் எழுத்துப்பிழைக்கு நான் பொறுப்பில்லை. உன் கடிதம் வந்த மறுநாள் என்னை அறுத்தார்கள். விலா எலும்பு ஐந்தை எடுத்து ஒரு நுரையீரலை மூடிவிட்டார்கள். பிழைத்துக்கொண்டேன். இரண்டு நாளாகத்தான் உட்கார முடிகிறது. பெட்டியை அவிழ்.

ஹன்னா விஷயம் எனக்குக் கிறிஸ்துமஸிலேயே தெரியும். அவள் பிறந்ததிலிருந்து எந்தக் கிண்ணத்திலும் வாய் வைத்ததில்லை. பாலைத் தொட்டு என் விரலில் கொடுத்தால்தான் நக்குவாள். உன் கடிதத்தில் தலையைக் கிண்ணத்துக்குள் விட்டதும் புரிந்துவிட்டது. ஆறு வாரம் எழுதாததற்குப் பனியைக் காரணம் சொன்னேன், பொய். அந்தச் சின்னவளுக்காக அழுதேன், அதை யாரிடம் சொல்வது? கத்பர்ட் சிரிக்கவில்லை. அவன் ரொட்டியில் பாதியை என் தட்டில் வைத்தான். (இந்த வரியை எழுத மாட்டேன் என்கிறான். எழுத வைத்துவிட்டேன்.)

எனக்குத் தெரியும் என்று உன்னிடம் சொல்லியிருந்தால், துப்பாக்கியைப் பற்றிச் சொன்ன வார்த்தைக்கு நான் நிற்க வேண்டியிருக்கும். நீ கிப்பரைக் கூட்டிக்கொண்டு கடலுக்கே போயிருப்பாய். அதனால் தெரியாதவனாகவே இருந்தேன். அதோடு உன் கடிதத்தில் பால் குடிக்கிற ஹன்னாவை எனக்குப் பிடித்திருந்தது. நீ எழுதும் வரைக்கும் அவள் இருந்தாள்.

மே மாதம் வீட்டுக்கு அனுப்புவார்கள். ஆனால் இனி என்னால் மேடு ஏற முடியாது, திர்சா. வாசலில் நாற்காலி போட்டு உட்காரத்தான் இந்த உடம்பு. பொந்தெல்லாம் இனி உன்னுடையது, கிப்பருடையது, அந்த ‘ஏய்’ உடையது. முயல் வாடையோடு வந்தவளைப் பார்த்து முகத்தைத் திருப்பினானே, அதை என் பழைய நாயே கற்க ஒரு வருஷம் ஆனது. ருசி கண்ட நாயைத் திருத்த முடியாது என்று நான் சொன்னது தப்பு.

சைலஸை நான் ஒரே ஒரு தடவை பார்த்தேன். அவர் கையை நீட்டினார், நான் நீட்டவில்லை. நீ கல்யாணமாகிப் போனதும் அந்த வீடு காலியாகிவிட்டது, கோபப்பட ஒரு ஆள் தேவைப்பட்டது, அவர் அகப்பட்டார். ஒன்பது வருஷம் அப்படியே விட்டுவிட்டேன், கடைசியில் கடல் முந்திக்கொண்டது. ஒரு முரட்டு டெரியருக்கு நின்று கவனிக்கக் கற்றுக்கொடுத்த மனுஷன், நல்ல கைக்காரராகத்தான் இருந்திருக்க வேண்டும்.

அவரைப் பற்றி எழுது. காலையில் எழுந்ததும் என்ன பேசுவார், என்ன சாப்பிடுவார், உன்னை எப்படிச் சிரிக்க வைப்பார், எல்லாம் எழுது. நீளமாக எழுது. மே மாதம்வரை எனக்கு வேறு வேலை இல்லை.

உன் அண்ணன்,
ஜோன்டி